மீன்பிடிப் படகில் முதலுதவிப் பெட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு பேர் செல்லும் சிறு படகு முதல், பத்துப் பேர் சில நாட்கள் தங்கி மீன்பிடிக்கும் விசைப்படகு வரை, கரையிலிருந்து உதவி வந்து சேர நேரமாகும் எந்தப் படகுக்கும் பொருந்தும் வகையில் இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. இவை முதலுதவிப் பயிற்சிக்கு ஈடாகா. பெட்டியிலுள்ள பொருளைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவராவது படகில் இருக்கிறார் என்று கொண்டுதான் ஒவ்வொரு பதிலும் சொல்லப்படுகிறது.

கடையில் ஆயத்தமாக விற்கும் முதலுதவிப் பெட்டியை வாங்கி அப்படியே படகில் வைத்துக்கொள்ளலாமா?

வாங்கலாம், ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அத்தகைய பெட்டிகள் பெரும்பாலும் அலுவலகத்தையோ காரையோ மனத்தில் வைத்துத் தயாரிக்கப்படுபவை. சிறு வெட்டு என்றால் ஒரு பிளாஸ்திரி போதும், பெரிய காயம் என்றால் சற்று நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்துவிடும் என்ற கணக்கில் அவை நிரப்பப்படுகின்றன. படகில் இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் தவறிப்போகிறது. வலை இழுக்கும் கையில் உப்புநீரும் மீனின் வழவழப்பும் செதிளும் படிந்திருக்கும். அந்தக் கையில் ஒட்டிய சாதாரண பிளாஸ்திரி, அடுத்த கூடையைத் தூக்குவதற்குள் ஓரம் கிளம்பி மீனோடு மீனாகப் போய்விடும். எனவே, தோலில் ஒட்டாமல் தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் கொஹீசிவ் பேண்டேஜ் சுருள்கள் நான்கைந்தை முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள். காயத்தை நன்னீரில் கழுவித் துடைத்து, காஸ் (கிருமி நீக்கிய மெல்லிய வலைத்துணி) வைத்து, அதன்மேல் இந்தப் பேண்டேஜைச் சுற்றி, வேலையைத் தொடர வேண்டுமானால் மேலே ஒரு நைட்ரைல் கையுறையும் அணிவித்தால், கட்டு பல மணி நேரம் தாங்கும். பிளாஸ்திரியும் வேண்டும்தான், நீல நிறத்தில் வாங்கினால், மீன் குவியலில் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

எந்தப் பொருள் எவ்வளவு வேண்டும் என்பதை எப்படி முடிவு செய்வது?

பொருள் பட்டியலிலிருந்து தொடங்காமல், உங்கள் படகில் நடக்கும் காயங்களிலிருந்து தொடங்குங்கள். கடந்த இரண்டு ஆண்டுகளில் யாருக்கு எங்கே அடிபட்டது என்று படகில் வேலை செய்பவர்களோடு உட்கார்ந்து பேசினால் அரை மணி நேரத்தில் பட்டியல் கிடைத்துவிடும். ஆயிரம் தூண்டில் படகில் கொக்கி ஏறிய கைகளே அதிகம் இருக்கும். இழுவைமடிப் படகில் வலை இழுக்கும் இயந்திரமான விஞ்சிலும் கம்பிவடத்திலும் நசுங்கிய விரல்கள். செவுள்வலைப் படகில் வலையிலிருந்து மீனைக் கழற்றும்போது குத்திய முட்கள்.

அளவைத் தீர்மானிப்பது மருத்துவரிடம் சென்று சேர ஆகும் நேரம். இரண்டு மணி நேரத்தில் கரைசேரும் படகுக்கு ஒரு காயத்தை ஒருமுறை கட்டப் பொருள் இருந்தால் போதும். மூன்று நாள் தொலைவில் உள்ள படகில், கையில் ஆழமாக வெட்டுப்பட்ட ஒருவருக்கு நாளுக்கு இரண்டு முறை கட்டு மாற்றினால் ஆறு கட்டுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு காஸ் என்றால் பன்னிரண்டு. ஒரே காயத்துக்கு இவ்வளவு என்பதை நினைத்துப் பார்த்தால், ஆயத்தப் பெட்டியிலுள்ள நான்கைந்து காஸ் எந்த மூலைக்கு என்பது விளங்கும்.

பெட்டி எப்படி இருக்க வேண்டும்? படகில் எங்கே வைப்பது?

மூடியின் ஓரத்தில் ரப்பர் வளையம் கொண்ட, நீர் புகாத, தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும் பிளாஸ்டிக் பெட்டியே ஏற்றது. தாழ்ப்பாள் ஒரு கையால் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும்; மற்றொரு கை அநேகமாக யாருடைய காயத்தையோ அழுத்திக்கொண்டிருக்கும். உள்ளே எல்லாவற்றையும் கொட்டி வைக்காமல், ஜிப் வைத்த தெளிவான பைகளில் பிரித்து, ஒவ்வொரு பையின்மீதும் பொருளின் பெயரை அல்லாமல் நிகழ்வின் பெயரை எழுதுங்கள்: ‘இரத்தம்’, ‘கொக்கி’, ‘முள், சொறி மீன்’, ‘தீக்காயம்’, ‘மாத்திரை’ என்பன போல. பதற்றத்தில் இருப்பவர் இரத்தத்தைப் பார்த்தவுடன் ‘இரத்தம்’ என்ற பையை எடுப்பார். ‘அழுத்தக்கட்டுப் பொருள்கள்’ என்று எழுதியிருந்தால் ஒரு கணம் யோசிப்பார். தலையில் மாட்டும் டார்ச் ஒன்றை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்.

சுக்கான் அறைக்குள், வெயில் படாத, எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் பெட்டி இருக்கட்டும். இன்ஜின் அறையில் வைக்கவே கூடாது. பெரும்பாலான மாத்திரைகள் 25 அல்லது 30 டிகிரி செல்சியசுக்குக் கீழே வைக்கப்பட வேண்டியவை. இன்ஜின் அறையின் சூட்டில் அட்டையில் போட்டிருக்கும் காலாவதித் தேதிக்குப் பொருளே இல்லாமல் போகும். பெட்டியின்மீது பச்சைப் பின்னணியில் வெள்ளைச் சிலுவை வரைவதே முறை. வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை என்பது ஜெனீவா உடன்படிக்கைகளின் கீழ் பாதுகாக்கப்பட்ட சின்னம். பழக்கத்தில் பலரும் அதையே வரைந்துவிடுகிறார்கள்.

கடுமையான இரத்தப்போக்குக்கு என்னென்ன வேண்டும்?

பெரிய அளவிலான காஸ் அடுக்குகள், 10 முதல் 15 சென்டிமீட்டர் அகலமுள்ள மீள்தன்மைப் பேண்டேஜ், கையுறை, தடித்த உடையையும் நனைந்த ரப்பர் காலணியையும் வெட்டக்கூடிய கத்தரி, ஒரு டூர்னிக்கெட் (கை, காலைச் சுற்றித் தண்டால் திருகி இறுக்கி இரத்தத்தை நிறுத்தும் பட்டை) ஆகியவை வேண்டும். முதலில் செய்ய வேண்டியது, காஸை வைத்துக் காயத்தின்மேல் நேராக, உடல் எடையையும் சேர்த்து, குறைந்தது பத்து நிமிடம் அழுத்திக்கொண்டிருப்பதே. நின்றுவிட்டதா என்று இடையிடையே தூக்கிப் பார்ப்பதுதான் பொதுவாகச் செய்யப்படும் தவறு. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் உறையத் தொடங்கிய இரத்தம் காஸோடு பிய்ந்து வந்துவிடும். நனைந்துவிட்டால் மேலே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள்.

கை அல்லது காலிலிருந்து இரத்தம் பீறிட்டு, அழுத்தியும் நிற்காதபோது டூர்னிக்கெட் போட வேண்டும். காயத்துக்கு ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் மேலே, மூட்டின்மேல் படாதவாறு கட்டி, இரத்தம் நிற்கும்வரை தண்டைத் திருகி, போட்ட நேரத்தைப் பட்டையின் மீதோ நெற்றியிலோ அழியாத மையால் எழுதுங்கள். கடுமையாக வலிக்கும், வலிக்கிறது என்பதற்காகத் தளர்த்தக் கூடாது, மருத்துவரின் கையில் ஒப்படைக்கும்வரை அது அப்படியே இருக்க வேண்டும். படகில் கயிற்றுக்குப் பஞ்சமில்லை என்று மெல்லிய கயிற்றாலோ தூண்டில் நரம்பாலோ கட்டுவது, இரத்தத்தை நிறுத்துவதற்கு முன் சதையை அறுத்துவிடும். பட்டை நான்கு சென்டிமீட்டருக்குக் குறையாத அகலம் கொண்டிருக்க வேண்டும். மலிவான போலிகளில் திருகும் தண்டு பாதித் திருப்பத்திலேயே ஒடிந்துபோவதுண்டு என்பதால், வாங்கும்போது இரண்டாக வாங்கி, ஒன்றைப் பழகிப் பார்ப்பதற்கென்றே ஒதுக்குங்கள்.

விரல் துண்டாகிவிட்டால் ஐஸில் போட்டு வைக்கலாமா?

நேரடியாகப் போடக் கூடாது. மீன்பிடிப் படகில் ஐஸ் கையெட்டும் தூரத்தில் இருப்பதாலேயே இந்தத் தவறு எளிதாக நடந்துவிடுகிறது. ஐஸ் நேராகப் பட்டால் திசு உறைந்து பாழாகும். பிறகு பொருத்த முடியாது. துண்டான பகுதியைச் சலைனில் நனைத்துப் பிழிந்த காஸில் சுற்றி, நீர் புகாத பைக்குள் இட்டு மூடி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வையுங்கள். பையின்மீது பெயரையும் நேரத்தையும் எழுதுங்கள். இதற்காக, கெட்டியான ஜிப் பைகள் சிலவும் 500 மில்லி சலைன் புட்டிகள் இரண்டும் பெட்டியில் இருக்க வேண்டும். விரலைத் தேடுவதில் ஒருவர் ஈடுபடலாம். மற்றவர்கள், அடிபட்டவரின் கையிலுள்ள இரத்தப்போக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தூண்டில் கொக்கி ஏறிவிட்டால் என்ன கருவிகள் தேவை?

உங்கள் படகிலுள்ள மிகப் பெரிய கொக்கியைத் துண்டிக்கக்கூடிய வெட்டுக்குறடு ஒன்று. வாங்கிய அன்றே அந்தக் கொக்கி ஒன்றை எடுத்து வெட்டிப் பாருங்கள். பெட்டியில் அழகாக இருக்கும் சிறு குறடு, தடித்த கொக்கியில் பல் பதிந்து நின்றுவிடும்.

கொக்கியின் நுனியில் பின்னோக்கி நிற்கும் சிறு கூர்தான் அதைத் திரும்ப இழுக்க விடாமல் தடுக்கிறது. நுனி தோலுக்கு அருகில் இருந்தால், கொக்கியின் வளைவை ஒட்டியே முன்னே தள்ளி நுனியை வெளியே கொண்டுவந்து, பின்னோக்கிய கூரோடு சேர்த்து வெட்டிவிட்டு, மீதியை வந்த வழியே எடுக்கலாம். வெட்டும்போது துண்டு தெறிக்கும் என்பதால் அந்த இடத்தின்மேல் ஒரு துணியைப் போட்டுக்கொண்டு, எல்லோரும் கண்ணை அப்பால் திருப்பிக்கொள்ளுங்கள். பிறகு சோப்பும் நன்னீரும் கொண்டு கழுவி, போவிடோன் அயோடின் கிருமிநாசினி தடவி, துளையை இறுக்கி மூடாமல் மெல்லக் கட்டினால் போதும். கண்ணிலோ கண்ணின் அருகிலோ, கழுத்திலோ, மூட்டுக்குள்ளோ ஏறிய கொக்கியைத் தொடவே கூடாது. தூண்டில் நரம்பை மட்டும் வெட்டி, கொக்கி அசையாதவாறு சுற்றிலும் காஸை அண்டை கொடுத்துக் கரைக்கு வர வேண்டும்.

திருக்கை முள், கெளுத்தி முள் குத்தினால் வெந்நீர் உதவும் என்பது உண்மையா?

உண்மை. இந்த மீன்களின் நஞ்சு புரதத்தாலானது. வெப்பம் அதன் வீரியத்தைக் குறைத்து, வலியையும் பெருமளவு தணிக்கிறது. ஏறத்தாழ 45 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீரில், குத்துப்பட்ட கையையோ காலையோ 30 முதல் 90 நிமிடம் வரை மூழ்க வைக்க வேண்டும். வலியால் மரத்த கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. அதனால் அடிபடாத கையை முதலில் நீரில் விட்டுப் பார்த்து, தாங்க முடிகிறதா என்று உறுதிசெய்துகொண்டுதான் அடிபட்ட கையை இறக்க வேண்டும். முள்ளின் வலியோடு வெந்நீர்ப் புண்ணையும் சேர்த்துக்கொண்டு கரைக்கு வருபவர்கள் உண்டு. இதற்கென ஒரு பிளாஸ்க் வெந்நீர், ஒரு சிறு வாளி, நீரின் வெப்பத்தை அளக்கும் ஒரு வெப்பமானி ஆகியவற்றைப் பெட்டிக்கு அருகில் வைத்திருங்கள்.

வெளியே தெரியும் முள் துண்டைச் சாமணத்தால் எடுத்துவிடலாம். திருக்கை முள் மார்பு, வயிறு, கழுத்து, தொடையின் மேற்பகுதி ஆகிய இடங்களில் குத்தி நின்றுகொண்டிருந்தால் பிடுங்கக் கூடாது. அதுவே உள்ளிருக்கும் இரத்தக் குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம்.

சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டால் வினிகர் ஊற்றலாமா?

எந்தச் சொறி என்பதைப் பொறுத்தது. பெட்டி வடிவிலான சொறி பட்டால் வினிகரைக் குறைந்தது 30 விநாடி தாராளமாக ஊற்ற வேண்டும்; தோலில் ஒட்டிய இழைகளில் இன்னும் வெடிக்காதிருக்கும் நஞ்சுக் கலங்களை அது செயலிழக்கச் செய்யும். இந்தச் சொறியின் நஞ்சு சில நிமிடங்களிலேயே இதயத்தை நிறுத்திவிடக்கூடும் என்பதால், பட்டவரை விட்டு ஒருவரும் அகலக் கூடாது. நீலக் காற்றுப் பையோடு மிதக்கும் ஃபைசாலியாவுக்கு வினிகரைப் பல வழிகாட்டிகள் பரிந்துரைப்பதில்லை; கடல்நீரால் அலசி, கையுறை அணிந்த கையால் இழைகளை எடுத்து, பிறகு தாங்கக்கூடிய வெந்நீரில் 20 நிமிடம் வைப்பதே வழக்கம். எதுவானாலும் மணலாலோ துணியாலோ தேய்ப்பதும் உடனே நன்னீர் ஊற்றுவதும் தவறு.

கடல் பாம்பு கடித்தால்?

வலி அநேகமாக இராது என்பதால் பலர் பொருட்படுத்துவதில்லை. தசைவலியும் இமை தாழ்வதும் சில மணி நேரம் கழித்தே வரலாம். விரல் நுனிகளிலிருந்து தொடங்கி அந்தக் கை அல்லது கால் முழுவதும் அகலமான மீள்தன்மைப் பேண்டேஜை அழுத்தமாகச் சுற்றி, ஒரு சட்டத்தை வைத்து அசையாமல் கட்டி, படுக்க வைத்தே கரைக்கு வர வேண்டும். கீறுவதும் உறிஞ்சுவதும் வேண்டா.

எந்த மாத்திரைகளை வைத்துக்கொள்ளலாம்?

குறைவாகவும் தெளிவாகவும் வையுங்கள். வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் 500 மி.கி.; பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் கூடாது. மாரடைப்பு என்று ஐயப்படும்போது, ஒவ்வாமை இல்லாதவர் மென்று விழுங்க 300 மி.கி. ஆஸ்பிரின், இரத்தம் கசியும் காயமுள்ளவருக்கு அதை வலி மாத்திரையாகக் கொடுக்கக் கூடாது. ஒவ்வாமைக்குச் செட்ரிசின். வெயிலிலும் வாந்தியிலும் நீரிழந்தவர்களுக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், ஆளுக்குக் குறைந்தது நான்கு. ஒரு பொட்டலத்துக்கு எவ்வளவு நீர் என்று உறையில் அச்சிட்டிருக்கும், அதைக் கூட்டவும் குறைக்கவும் கூடாது.

கடல் மயக்கத்துக்கான சின்னரிசின், டைமென்ஹைட்ரினேட் போன்றவற்றைப் புறப்படுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே விழுங்க வேண்டும். வாந்தி தொடங்கிய பின் வயிற்றில் தங்காது. இவை தூக்கத்தை வரவழைப்பவை என்பதால், உட்கொண்டவரை விஞ்சின் அருகில் நிறுத்தாதீர்கள்.

ஆன்டிபயாட்டிக்கை மருத்துவர் எழுதிக் கொடுத்து, எப்போது தொடங்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தால் மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள். மீன் முள்ளாலும் கடல்நீராலும் பரவும் கிருமிகள் கரையில் காணும் கிருமிகளிலிருந்து வேறானவை. அவற்றுள் விப்ரியோ வகையில் சில, கல்லீரல் நோயோ நீரிழிவோ உள்ளவரின் உயிரையே ஓரிரு நாளில் அச்சுறுத்தக்கூடியவை. ஆகவே காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ, மருத்துவரைப் பார்த்தவுடன் ‘இது மீன் குத்திய காயம், கடல்நீர் பட்டது’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

தீக்காயத்துக்கும் கண்ணில் பட்ட டீசலுக்கும் என்ன வைப்பது?

தீக்காயத்தைக் குளிர்ந்த ஓடும் நீரில் 20 நிமிடம் ஆற்ற வேண்டும். நன்னீர் போதாவிட்டால் சுத்தமான கடல்நீராவது ஊற்றலாம். ஐஸ், கிரீஸ், பற்பசை எதுவும் வேண்டா. பிறகு சமையலறையில் பயன்படும் ஒட்டும் பிளாஸ்டிக் தாளை, சுற்றி இறுக்காமல் மேலே விரித்து வைத்தாலே போதிய பாதுகாப்பு. கண்ணை, இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். பேட்டரி அமிலம் என்றால் இன்னும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் விழுந்து மூச்சற்றவரை மீட்டால் பெட்டி எதற்காவது உதவுமா?

வாயோடு வாய் வைத்து ஊதும்போது இடையில் வைக்கும் பாக்கெட் மாஸ்க்கும், உடல் சூட்டைக் காக்கும் ஃபாயில் போர்வைகள் இரண்டு மூன்றும் உதவும். நீரில் மூழ்கியவருக்குக் குறை காற்றுதான் என்பதால், முதலில் ஐந்து முறை ஊதிவிட்டு, பிறகு 30 அழுத்தம், 2 ஊதல் என்ற முறையில், நிமிடத்துக்கு 100 முதல் 120 வரையான வேகத்தில், மார்பு 5 சென்டிமீட்டராவது அமிழுமாறு தொடர வேண்டும். வயிற்றை அழுத்தித் தண்ணீரை எடுக்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். தானாகவே எழுந்து உட்கார்ந்துவிட்டவரையும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். நுரையீரலில் சென்ற நீரின் விளைவு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படும்.

மீன் அறைக்குள் இறங்கியவர் மயங்கி விழுந்துவிட்டார், என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குப் பெட்டியில் பதில் இல்லை, ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. மூடிய அறையில் மீன் அழுகும்போது ஆக்சிஜன் குறைந்து, ஹைட்ரஜன் சல்ஃபைடு சேர்கிறது. அழுகிய முட்டை நாற்றம் கொண்ட அந்த வாயு, அளவு மிகும்போது மூக்கின் உணர்வையே மழுக்கிவிடுவதால், ‘நாற்றம் போய்விட்டது’ என்பது பாதுகாப்பின் அடையாளமாகாது. விழுந்தவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும், அவரைத் தூக்க இறங்கும் மூன்றாமவரும் சாவது இதனால்தான். துணியை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்குவதால் பயனில்லை. மூடிகளையெல்லாம் திறந்து, காற்றை உள்ளே செலுத்தி, உடனே உதவி கேளுங்கள். சுவாசக் கருவியும் பயிற்சியும் இல்லாமல் எவரும் இறங்கக் கூடாது. கொக்கிக் கழியாலோ, அவர் இடுப்பில் முன்பே கட்டிய கயிற்றாலோ மேலிருந்து இழுக்க முடிந்தால் இழுக்கலாம். இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ளும் பழக்கம் அதனால்தான் விலைமதிப்பற்றது.

பெட்டியை எத்தனை நாளுக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும்?

ஒவ்வொரு பயணத்துக்கும் முன் ஒரு பார்வை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுவதையும் வெளியே எடுத்து. உப்புக்காற்று கத்தரியின் திருகாணியில்தான் முதலில் கை வைக்கும்: வெளியே பளபளப்பாக இருக்கும் கத்தரி, திறக்க முயலும்போது அசையாது. துருப்பிடிக்காத எஃகில் வாங்கி, நன்னீரில் அலசித் துடைத்து வையுங்கள். காஸின் உறையில் மஞ்சள் கறை தெரிந்தால் ஈரம் புகுந்துவிட்டது என்று பொருள். அது இனிக் கிருமி நீக்கப்பட்டதன்று. மூடியின் உட்புறத்தில் பொருள்களையும் காலாவதி மாதத்தையும் எழுதிய பட்டியலை ஒட்டி, தாழ்ப்பாளில் எளிதில் அறுபடும் ஒரு பிளாஸ்டிக் கட்டுப்பட்டையை மாட்டினால், அது அறுந்திருப்பதைக் கண்டவுடனே யாரோ எதையோ எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ஒரு தலைவலிக்கு இரண்டு மாத்திரை என்று எடுத்து எடுத்தே அட்டை காலியாகிவிடும் படகுகளுக்கு இது நல்ல மருந்து.

அதே நாளில் ஆட்களின் டெட்டனஸ் தடுப்பூசித் தேதியையும் பாருங்கள். பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊக்க ஊசி வேண்டும். அழுக்கான காயம் என்றால், கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டு கடந்திருந்தாலே மருத்துவர் இன்னொன்று போடச் சொல்லலாம்.

சட்டப்படி பெட்டி கட்டாயமா?

அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2007-இல் நிறைவேற்றி, 2017-இல் நடைமுறைக்கு வந்த 188-ஆம் உடன்படிக்கை, பயணத்தின் தன்மைக்கேற்ற மருத்துவப் பொருள்கள், முதலுதவிப் பயிற்சி பெற்ற ஒருவராவது, கரையிலுள்ளவர்களிடம் ஆலோசனை பெற வானொலி அல்லது செயற்கைக்கோள் வசதி ஆகியவை மீன்பிடிக் கலங்களில் இருக்க வேண்டும் என்கிறது.

கடலிலிருந்தே மருத்துவரிடம் பேச முடியுமா?

முடியும். உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் வி.ஹெச்.எஃப். வானொலியின் 16-ஆம் சானலில், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸில், ‘மேடே’ என்று மூன்று முறையும், அவசரம் ஆனால் உடனடி ஆபத்தில்லை என்றால் ‘பான்-பான்’ என்று மூன்று முறையும் அழைத்து, மருத்துவ ஆலோசனை வேண்டும் என்று கடலோர நிலையத்திடம் கேட்கலாம். செயற்கைக்கோள் தொலைபேசி உள்ள படகுகளுக்கு, ரோம் நகரில் 1935-இல் தொடங்கப்பட்ட சர்வதேச வானொலி மருத்துவ மையம் எந்த நாட்டுக் கலமானாலும் கட்டணமின்றி ஆலோசனை வழங்கிவருகிறது.

அழைப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: படகின் பெயரும் இருப்பிடமும், நோயாளியின் வயது, என்ன நடந்தது, எப்போது, நினைவு இருக்கிறதா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, எத்தனை நாடித்துடிப்பு, என்ன கொடுத்தீர்கள், அவருக்கு என்ன ஒவ்வாமை, வழக்கமாக என்ன மருந்து உண்கிறார். கடைசி இரண்டையும் நினைவிழந்தவரிடம் கேட்க முடியாது. ஆகவே ஆளுக்கு ஒரு சீட்டாக முன்பே எழுதி, பிளாஸ்டிக் உறையிலிட்டு மூடியின் உட்புறத்தில் செருகி வையுங்கள். கூடவே ஒரு பென்சிலும் வேண்டும். ஈரத் தாளில் பேனா எழுதாது.